ஆனியில் வந்த ஆடி ஒன்று

அன்று காலை என் போனில் பதினோரு வாழ்த்துகள் வந்திருந்தன. எல்லாம் ஒரே படம்தான். சிரிக்கிற சூரியன், அதற்குக் கீழே ரோஜாப்பூ, அதற்கும் கீழே ‘ஆண்டின் நீண்ட பகல் இன்று, மகிழ்ச்சியுடன் கொண்டாடுங்கள்’ என்று எழுத்து. எப்படிக் கொண்டாடுவது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அனுப்பியவர்களில் என் நாத்தனாரும் ஒருவர். மதியம் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலக் காப்பிக்குத்தான் எழுந்திருப்பார். அவருக்குப் பகல் நீண்டால் என்ன, சுருங்கினால் என்ன?

நாமக்கல் பக்கம் அந்த நாளை யாரும் கண்டுகொள்வதில்லை என்று சொன்னால் அபாண்டம். எங்கள் கோழிப்பண்ணைக்கு வடகிழக்கே ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. யோகா தினம் என்பதால் ஆறு மணிக்கே பிள்ளைகளை வெள்ளை உடுப்போடு மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். ‘மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்’ என்று ஒலிபெருக்கி சொன்னது. ஆனி மாதத்துத் தென்மேற்குக் காற்று எங்கள் ஷெட்டுகளுக்கு அடியில் புகுந்து, நாற்பதாயிரம் கோழிகளின் எச்சத்தைத் தடவிக்கொண்டு, நேரே அந்த மைதானத்துக்குத்தான் போகும். பாவம், பிள்ளைகள் நன்றாகத்தான் இழுத்தார்கள். அடுத்த கொண்டாட்டம் மின்சாரக்காரர்களுடையது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று முதல் நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். வெளிச்சம் அதிகமாக இருக்கிற நாளாகப் பார்த்து நிறுத்துகிறார்களே, அந்த நல்ல மனசு வேறு யாருக்கு வரும்?

உண்மையைச் சொன்னால் எங்கள் ஊர் நீண்ட பகல் அப்படியொன்றும் நீளமில்லை. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருகிற சூரியன் ஆறே முக்காலுக்குப் போய்விடும். மார்கழிப் பகலைவிட ஒன்றேகால் மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். எங்கள் கோழிகளிடம் சொன்னால் சிரிக்கும். முட்டைக்கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். குறைந்தால் முட்டை குறையும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே ஷெட்டில் பல்பு எரியும். சாயங்காலம் சூரியன் போனதும் மறுபடி எரிந்து எட்டு மணிக்கு அணையும். மழையோ மார்கழியோ, எங்கள் கோழிகளுக்கு வருஷம் முழுவதும் ஒரே அளவு பகல். அந்தப் பகலுக்கு அதிபதி என் கணவர். சுவிட்சுப் பெட்டி முன்னால் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சூரியனே அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிற மாதிரி நிற்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராமல் போனதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டாள். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன், நல்ல பையன், கம்ப்யூட்டர் வேலை. நம்ம ஆட்கள் இல்லை. அது ஒன்றுதான் குறை, எங்கள் உறவுக்காரர்களுக்கு அது ஒன்றே போதும். என் கணவர் சண்டை போடவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மாசி மாதம் பதிவுத் திருமணம் நடந்தபோது கூட வந்தார். எல்லோரும் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவர் வாசலில் நின்று புங்கமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு ஓட்டலில் சாப்பிட்டபோது இரண்டாவது முறையும் ரசம் கேட்டு வாங்கினார். மனசில் கோபம் இருக்கிற மனுஷன் இரண்டு முறை ரசம் வாங்குவாரா என்று நான் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷப்பட்டேன். ரசத்தை வைத்து ஒரு ஆளை எடைபோட்டது என் புத்தி.

அதற்குப் பிறகு மகள் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் மாப்பிள்ளை அவளை பைக்கில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, பிரிவு ரோட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் கிளம்பும்போது போன் செய்தால் வருவார். இரண்டாவது முறை நானே ஓடிப்போய் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

“அத்தை, நீங்க கூப்புடறது ரொம்பச் சந்தோசமுங்க. மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், வாரேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்ணை என்றால் கண்டவர்களும் உள்ளே வர முடியாது, நோய் வந்துவிடும். வாசலில் ஒரு பள்ளம் கட்டி மருந்துத் தண்ணீர் நிறுத்தியிருப்போம், வண்டிச் சக்கரம் அதில் நனைந்துதான் உள்ளே வரவேண்டும். அது போதாதென்று ஸ்பிரேயரால் சக்கரத்தைச் சுற்றி மருந்தும் அடிப்பார்கள். உள்ளே விடப்போகிற வண்டிக்குத்தான் அடிப்பார்கள், வெளியே நிற்கிற வண்டிக்கு மருந்து வீணடிக்க மாட்டார்கள். ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று பலகையும் உண்டு. எங்கள் வீடும் அந்தக் கேட்டுக்குள்ளேதான் இருக்கிறது. என் கணவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

“வெளியாளு உள்ள வந்தா கோழிக்கு ஆகாது” என்றார்.

“ஏனுங்க, தீவன லாரி டிரைவரு வாரம் ரெண்டு தடவை உள்ள வாராரே, அவரு உங்களுக்கு மாமனா மச்சானா?” என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று ஷெட்டில் வேலை வந்துவிட்டது.

நான் ஆடி மாதத்தை நம்பியிருந்தேன். சேலம், நாமக்கல் பக்கம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுகிற நோன்பு. தேங்காயின் நாரை உரித்து, தரையில் தேய்த்து மழமழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் போட்டு அடைத்து, கொஞ்சம் தேங்காய்த் தண்ணீரையும் திரும்ப ஊற்றி, அழிஞ்சில் குச்சியில் குத்தி வாசலில் நெருப்பு மூட்டிச் சுடுவோம். சூரியன் அன்றைக்குத்தான் தெற்கே திரும்புகிறது என்று காலண்டரிலும் தட்சிணாயனம் என்று போட்டிருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அது தலை ஆடி. பெண்ணின் அப்பா நேரில் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். அழைக்காமல் விட்டால் ஊருக்கே அர்த்தம் புரியும். என் கணவர் முறை தவறாதவர். முறைக்காகவாவது அழைப்பார் என்று நினைத்தேன்.

வைகாசி முடிவில் மகள் போன் செய்தாள். மாப்பிள்ளைக்குப் பின்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆனி முடிவதற்குள் இரண்டு பேரும் கிளம்புகிறார்களாம், திரும்பி வர இரண்டு வருஷம் ஆகுமாம். இதைச் சொன்னதும் என் கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், தீவன மூட்டையை முதுகிலிருந்து இறக்கி வைத்தவர் மாதிரி.

“ஆடிக்குக் கூப்புடோணும்னுதான் இருந்தேன். அவங்க பிளேன்ல போயிட்டா நான் என்ன பண்றது?” என்றார். எவ்வளவு வருத்தம்! அந்த வருத்தத்தில் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனி ஏழாம் தேதி சனிக்கிழமை, போனில் வாழ்த்துகள் வந்த அந்த நீண்ட பகல் நாள். அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போக வருவதாக மகள் சொன்னாள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

“அம்மா, நாங்க போற ஊர்ல அந்த சமயத்துலதான் பெரிய நோம்பியாம். வருசத்துலயே நீளமான பகலாம். ஏரிக்கரையில நெருப்பு மூட்டி, சுத்தி உக்காந்து சாப்புடுவாங்களாம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம்.”

நீளமான பகலன்றைக்கு நெருப்பு மூட்டுகிறார்கள் என்றதும் எனக்கு முட்டை ரூம் கோடு ஞாபகம் வந்தது.

முட்டை அடுக்குகிற அறையில் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல். காலை வெயில் அதன் வழியே எதிர்ச் சுவரில் விழும். சூரியன் உதிக்கிற இடம் வடக்கே போகப் போக, சுவரில் விழுகிற வெயில் தெற்கே நகர்ந்து வரும். நான் வாக்கப்பட்டு வந்த முதல் வருஷம், வெயில் அங்கெல்லாம் வராது என்று என் மாமனார் அடித்துச் சொன்ன மூலையில் முட்டையை அடுக்கினேன். ஆனியில் நேரே முட்டை மேலேயே வெயில் விழுந்தது. அடுத்த வருஷம், எதுவரை வருகிறது என்று பார்த்து, எல்லையில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். வெயில் அந்தக் கோடு வரைக்கும் வரும், சில நாள் அங்கேயே நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பிவிடும். முப்பது வருஷமாக அதைத் தாண்டியதில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்கினால் முட்டைக்கு ஆபத்தில்லை. எனக்குத் தெரிந்த வானசாஸ்திரம் இவ்வளவுதான்.

ஆனால் ஆடி ஒன்றாம் தேதி பார்த்தால் வெயில் அந்தக் கோட்டிலிருந்து ஒரு சாண் பின்னால் போயிருக்கும். அதாவது சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆன பிறகுதான் நாங்கள் தேங்காய் சுட்டு வழியனுப்புகிறோம். விருந்தாளி பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வாசலில் நின்று கை காட்டுகிற மரியாதை. இத்தனை வருஷம் இதைப் பார்த்தும் நான் வாயைத் திறந்ததில்லை. முட்டைக்குத் தேவைப்படாததை நான் எதற்குப் பேச வேண்டும்? இப்போது தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை மேகம் இல்லாமல் விடிந்தது. பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் என் கணவரைக் கையைப் பிடிக்காத குறையாக முட்டை ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“பாத்துக்கங்க. சூரியன் திரும்பற நாளு இன்னிக்குத்தான். தலை ஆடி இன்னிக்கு வெச்சுக்கலாம்.”

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காலண்டர் போடறவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்? ஆடி ஒண்ணு ஆடியிலதான் வரும்.”

“கோழிக்குப் பதினாறு மணி நேரம் பகல்னு நீங்க வெச்சிருக்கறீங்களே, அது எந்தக் காலண்டர்ல போட்டிருக்குது? முட்டை வேணும்னா நாலு மணிக்கே விடிய வெக்கறீங்க. நாப்பதாயிரம் கோழிக்குப் பொழுதை இழுத்து நீட்டத் தெரியுது. பெத்த புள்ளைக்கு ஒரே ஒரு நாளை மூணு வாரம் முன்னாடி நகத்தத் தெரியலையா?”

கடைசி வார்த்தைகள் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. கிண்டலாகத்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

“சனிக்கிழமையும் அதுவுமா...” என்றார். அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே கத்தினேன். “சாயங்காலம் தேங்காய் சுடறது சுடறதுதான். வரப்போரத்து அழிஞ்சில் மரத்துல குச்சி வெட்டிக் கொண்டாங்க.” எத்தனை குச்சி என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நாலு என்று அவர் வாயிலிருந்தோ கையிலிருந்தோ வரட்டும் என்று இருந்தேன்.

பதினோரு மணிக்குச் சமையலறை ஜன்னலில் குச்சிகள் வந்து உட்கார்ந்திருந்தன. தோல் சீவி, நுனி கூராக்கி, மஞ்சள்கூடத் தடவியிருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தேன். மூன்று.

அவர், நான், மகள். மறுபடி எண்ணினேன், ஏதாவது ஒன்று பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியேயும் பார்த்தேன். மூன்றுதான்.

இந்த ஆளோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேனே என்று இருந்தது. நானே போய் நாலாவது குச்சியை வெட்டியிருக்கலாம். வெட்டினால் அது நான் அழைத்ததாகத்தான் ஆகும். மாப்பிள்ளைக்கு என் அழைப்பா குறை? மின்சாரம் இல்லாத சமையலறையில் புழுங்கிக்கொண்டே நாலு தேங்காயையும் சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். அன்றைக்குத் தேய்த்த தேய்ப்பில் தேங்காய் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எள்ளு, கடலை, வெல்லம் எல்லாவற்றையும் அடைத்தேன். மதியச் சாப்பாட்டில் அவர் கேட்காமலே இரண்டு முறை ரசம் ஊற்றினேன். ரசத்தின் யோக்கியதை எனக்குத்தானே தெரியும்.

வருஷத்தின் நீண்ட பகல் என்பதை நான் அன்றைக்கு மதியம்தான் முழுசாக நம்பினேன். மூன்று மணியிலிருந்து நாலு மணி வருவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று. மகளுக்குப் பிடித்த மல்கோவா மாம்பழத்தை நறுக்கி வைத்தேன். அது கறுத்துப்போகும் என்று நானே தின்றேன். மறுபடி வேறொன்று நறுக்கினேன். பாகற்காய் தின்ற முகத்தோடு மல்கோவா தின்றவள் சேலம் ஜில்லா, நாமக்கல் ஜில்லா இரண்டிலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்தரைக்கு பைக் சத்தம் கேட்டது. வீட்டு வாசலிலிருந்து கேட் தெரியும். மகள் இறங்கினாள். மாப்பிள்ளை அவள் கையில் பையைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல டீக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பத் தொடங்கினார். என் கணவரை எங்கேயும் காணோம். நல்லது, ஆள் ஏதாவது ஒரு ஷெட்டுக்குள் போய்ப் பதுங்கிவிட்டார் என்று நினைத்தேன். இனி இரண்டு வருஷத்துக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, நிம்மதியாகக் கோழிகளுக்கு விடியவைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்போது கேட்டுக்குப் பக்கத்து ரூமிலிருந்து அவர் வெளியே வந்தார். முதுகில் ஸ்பிரேயர். நேரே போய் பைக்குக்கு முன்னால் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன் சக்கரத்தைச் சுற்றி மருந்து அடித்தார். பிறகு பின்னால் போய்ப் பின் சக்கரத்துக்கும் அடித்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, தன்னை விரட்டுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, பாதி திருப்பிய வண்டியோடு மிரண்டுபோய் நின்றார். பண்ணையில் வளர்ந்த என் மகளுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் கணவர் கேட்டை முழுசாகத் திறந்தார்.

“செருப்பையும் அந்தத் தண்ணியில நனைச்சுட்டு வாங்க மாப்ள. வண்டிய இங்க நிறுத்தாதீங்க, ஊட்டு வாசலுக்கே கொண்டாங்க.”

உலகத்தில் வேறு எந்த மாமனாராவது மாப்பிள்ளையைக் கிருமிநாசினி அடித்து வரவேற்றிருப்பாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு காப்பி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

சூரியன் போக இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது வாசலில் தென்னம்பாளையும் விறகும் போட்டு நெருப்பு மூட்டினோம். ரோட்டில் போனவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஆனியில் தேங்காய் சுடுகிற குடும்பத்துக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டிருப்பார்கள், படட்டும். பின்லாந்தில் ஏரிக்கரையில் சுட்டால் பண்பாடு, நாமக்கல்லில் மூன்று வாரம் முன்னால் சுட்டால் பைத்தியம்.

நான் நாலு தேங்காயையும் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். குச்சிகளை எடுத்தபோது காலை ஆத்திரம் மறுபடி வந்தது. மருந்து அடித்தது எல்லாம் சரி, குச்சி வெட்டும்போது இந்தப் பையன் நினைப்பு வரவில்லையே. நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“நாலு பேரு இருக்கறோம். மூணு குச்சிதான் இருக்குது. பெரிய பண்ணைக்காரரு, எண்ணிக்கை தெரியாதவரா?” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தலை ஆடி அவங்களுக்கு. அவங்களுக்கு ரெண்டு, உனக்கொண்ணு. எனக்கெதுக்குக் குச்சி? நான் நெருப்பப் பாத்துக்கறேன்.”

மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் தேங்காயைப் பார்த்தார். காலை பதினோரு மணிக்கு, யாரும் சொல்லாமலே, இந்த மனுஷன் மாப்பிள்ளையை எண்ணிவிட்டுத்தான் மரத்தில் கை வைத்திருக்கிறார். விட்டது தன்னைத்தான். நான் நாள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு, தேங்காயைத் தேய்த்துக்கொண்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“இதக் காத்தாலயே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னங்க?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“எத்தனைன்னு நீ சொன்னியா?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு விறகை நெருப்புக்குள் தள்ளினார்.